பிசிறு எடுக்கும் கை

சித்ராதேவிக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் அவள் கை அவர்களுடைய சட்டை ஓரத்துக்குப் போய்விடும். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்குத் தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைத் தேடி, கட்டைவிரல் நகத்தில் பிடித்து, வெடுக்கென்று ஒடித்துவிடும். ஒடித்த பிசிறைக் கீழே போடாமல் தன் சுடிதார்ப் பையில் போட்டுக்கொள்வாள். ஒரு தடவை திருமுருகன்பூண்டிக் கோயிலில் தீபாராதனை பார்க்க நின்றபோது, முன்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவரின் சட்டையில் கை வைத்துவிட்டாள். அவர் திரும்பி முறைத்தார். "பிசிறுங்கய்யா" என்று நூலைக் காட்டினாள். அவர் நூலைப் பார்க்கவில்லை. தன் பையில் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அருள்புரத்தில் தங்கதுரை கம்பெனியில் செக்கிங் டேபிளில் பல வருடங்களாக அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். நான் அதிகம் பேசமாட்டேன். பேசாமல் நிற்கிறவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். தைத்து வருகிற டி சர்ட்டை அவள் எடுப்பதே தனியாக இருக்கும். தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள். கழுத்தைப் புரட்டுவாள். துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடுவாள். நல்லது ஒரு பக்கம், திருத்த வேண்டியது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று மூன்று குவியல். அவள் நல்லது என்று போட்ட பீஸ் திரும்பி வந்ததில்லை.

ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி வந்த வருடமே புருஷன் ராக்கையாவோடு திருப்பூருக்கு வந்துவிட்டாள். அவர் துணி ரோல் ஏற்றி இறக்குகிற வேலை செய்கிறார். ஒரே பெண், தர்ஷினி. இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்ததால் அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சுதான் வரும். "ஏனுங்கம்மா" என்று அவள் கூப்பிட்டால், "எங்கிருந்துடி எனக்கு வந்து பிறந்த, கவுண்டச்சி மாதிரி" என்று சித்ராதேவி சிரிப்பாள். அந்தப் பெண் பிளஸ் டூ எழுதிய வருடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு ரிசல்ட் என்று ஒன்று வந்ததே இல்லை. அதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பங்குனியில் பரீட்சை முடிந்தது. வைகாசி பிறப்பதற்குள் ரிசல்ட் வரும் என்றார்கள். நடுவில் வெயில்காலம் முழுக்கச் சும்மா கிடந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று தர்ஷினி அம்மாவிடம் ஒன்று சொன்னாள்: "கெமிஸ்ட்ரிதாம்மா சரியா எழுதல." அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தாளாம். வேறு ஒன்றும் இல்லை. பரீட்சை எழுதிய பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற மாதிரிதான் இருந்திருப்பாள்.

ஆனால் சித்ராதேவி குடியிருக்கிற லைன் வீட்டில் முந்தின வருடம் ஒரு சாவு விழுந்திருந்தது. நாலு வீடு தள்ளி மூக்கம்மாளின் மகள். ரிசல்ட்டுக்குப் பயந்து முதல் நாளே அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மறுநாள் வந்த ரிசல்ட்டில் அவள் பாஸ். அந்த எஸ்.எம்.எஸ். மூக்கம்மாளின் போனுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்து படித்துச் சொன்னவள் சித்ராதேவி.

அதனால் தர்ஷினி "சரியா எழுதல" என்று சொன்ன அன்று சாயங்காலமே அவள் குளியலறைக் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். திருப்புளியால் தானே கழற்றினாள். மறுநாள் டேபிளில் என்னிடம் அதைச் சொன்னபோது அவள் கை ஒரு பனியனின் தோளை இழுத்துக்கொண்டே இருந்தது.

"எதுக்குங்க அது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. பிள்ளய தனியா விடக்கூடாதுன்னு ஸ்கூல்லயே சொல்லிருக்காக."

பள்ளிக்கூடத்தில் மீட்டிங் போட்டுச் சொன்னது உண்மைதான். பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், பிடித்ததைச் செய்யவிடுங்கள், உட்கார்ந்து பேசுங்கள் என்று டீச்சர் சொன்னார்களாம். அத்தனையிலும் முதலாவதைத்தான் சித்ராதேவி எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் ஏது. தனியாக விடாமல் இருப்பதற்கு மட்டும் ஒரு வழி இருந்தது. திருப்பூரில் எல்லாரும் செய்வதுதான். லீவு விட்டால் பிள்ளைகளைக் கம்பெனிக்குக் கூட்டி வந்துவிடுவது.

முதலாளி தங்கதுரையிடம் கேட்கப் போனபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"படிக்கற புள்ளைய எதுக்குங்க இங்க?" என்றார் அவர்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும்தான் சார். வீட்டுல இருந்தா நெனப்பு எங்குட்டாச்சும் போகும்."

"அதுஞ்செரிதான். எங்க தேஜஸ்ரீக்கும் இதே ரிசல்ட்டுதானுங்க. ஒரே டென்ஷன். டாக்டரம்மா எடம் மாத்திக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க, கொடைக்கானல்ல கொண்டு போயி வெச்சிருக்கறோம். செரி, வரட்டும். ஆடிட்டு வந்தா மட்டும் புள்ள கண்ணுல படக்கூடாது. பதினெட்டு ஆகோணுமல்லங்க."

வெளியே வந்ததும் சித்ராதேவி சொன்னாள்: "டாக்டர் சொன்னதத்தாங்க்கா நானும் செஞ்சிருக்கேன். எடம் மாத்தியாச்சு. நமக்குக் கொடைக்கானல் இந்த ஃபேனுக்கு அடியில."

தர்ஷினியைக் கைமடியாகப் போட்டார்கள். தைக்கிறவருக்கு எதிரில் நின்று தைத்த துணியை இழுத்து மடித்து அடுக்கிக் கொடுக்கிற வேலை. முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தாள். பீகார்ப் பெண்களிடம் இந்தி கற்றுக்கொண்டு அவர்களிடமே சண்டை போட்டாள். டேபிளில் மூத்தவளான சென்னம்மாள் நடக்கிற மாதிரி நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். அவளைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் சித்ராதேவி சிரிக்கவில்லை. மகள் எழுந்தால் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போனால் பின்னால் போனாள். கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியில் நின்றாள். போனை வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஏம்மா, நான் ஓடிப் போறதா இருந்தா கக்கூஸ் வழியாவா போவேன்?" என்று ஒரு நாள் தர்ஷினி கேட்டாள். டேபிளே சிரித்தது.

"போடி. வாய் மட்டும் நல்லா வருது" என்று சொல்லிவிட்டு சித்ராதேவி மகளின் தோளில் ஒரு பிசிறை எடுத்தாள்.

நாள் போகப் போக அந்தப் பெண்ணின் வாயும் அடங்கிவிட்டது. ஒரு மத்தியானம், அம்மா கை கழுவப் போயிருந்த நேரம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க சொன்னா எங்கம்மா கேக்கும். எனக்கு மார்க்கு கொறஞ்சிருமோன்னுதானுங்க பயம். நர்ஸிங் கெடைக்காமப் போயிருமோன்னு. வேற எந்த நெனப்பும் இல்லீங்க. குளிக்கறப்பக் கூட வெளிய நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே இருக்குது. நான் பதில் சொல்லிட்டே குளிக்கோணும்."

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். சித்ராதேவி துணியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"மூக்கம்மா பிள்ளயும் முதல் நாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசிட்டுத்தாங்க்கா போச்சு" என்றாள்.  

ரிசல்ட் தேதி அறிவித்தார்கள். அடுத்த நாளே, அதே தேதியில் ஆடிட்டு என்று கம்பெனிக்கு மெயில் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குத் துணி தைக்கிற இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். அதுதான் ஆடிட்டு. அதற்கு முதல் நாள் கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். காலியாகக் கிடக்கிற முதலுதவிப் பெட்டியில் மருந்து வந்து உட்காரும். கக்கூஸில் சோப்பு இருக்கும். சூப்பர்வைசர் சுரேஷ் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தான்.

"மாஸ்க்க மூக்குக்குப் போடுங்கக்கா, தாடைக்குப் போடாதீங்க. எத்தன மணிக்கு ஊட்டுக்குப் போறீங்கன்னு கேட்டா என்னன்னு சொல்லோணும்?"

"அஞ்சரைன்னு" என்றோம்.

"அஞ்சரைக்கு ஊட்டுக்குப் போனா எம்புருசனுக்கு என்னைய அடையாளம் தெரியாதுங்க தம்பி" என்றாள் சென்னம்மாள்.

சிரிப்பு அடங்கியதும் சுரேஷ் சித்ராதேவியிடம் வந்தான். "அக்கா, நாளைக்குப் புள்ளைய ஊட்லயே உட்டுட்டு வந்துருங்."

"நாளைக்கா? நாளைக்குத்தான் தம்பி ரிசல்ட்டு."

"அதுக்கு நானென்னக்கா பண்ணுவேன்? நீங்க லீவும் போட முடியாது. செக்கிங்ல ஆள் கொறஞ்சாக் கேப்பாங்க."

ராக்கையா அந்த வாரம் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அருப்புக்கோட்டை போயிருந்தார். லைன் வீட்டில் பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியில்தான் இருப்பார்கள். மூக்கம்மாள் ஒருத்திதான் அந்த நேரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அவளிடம் பிள்ளையை விட்டு வரச் சித்ராதேவிக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். சுரேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். கேட்டுக்கு வெளியில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். கட்டிங் செக்ஷனுக்குப் பின்னால் வெட்டுத்துணிக் கழிவைக் கொட்டி வைக்கிற அறை ஒன்று உண்டு. வேஸ்ட் ரூம் என்போம். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. சுரேஷ் அதைத் திறந்தான்.

"இப்ப வெளிய போனா அவங்க கண்ணுல படும். ஒரு மணி நேரம். அவங்க மேல தையல் செக்ஷனுக்குப் போனதும் பின் கேட்டு வழியா அனுப்பிடலாம். கதவத் தெறந்து போட்டா எட்டிப் பாப்பாங்க. பூட்டிருங்."

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். "போனக் குடும்மா. ஒம்பது மணிக்கு வந்துரும். நானே பாத்துக்கறேன்."

"வேணாம். நான் வந்து உங்கூட இருந்து பாக்குறேன். நீயாத் தனியாப் பாக்காத. ஒரு மணி நேரந்தான், கண்ணுல்ல."

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முரண்டு பிடிக்கவில்லை. அம்மாவுக்கு வேலை போய்விடக்கூடாது என்று போனாள். பூட்டை மாட்டி அழுத்தியது சித்ராதேவியின் கைதான். சாவியைச் சுரேஷிடம் கொடுத்தாள். வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டு ஆபீஸில் வைத்தார்கள். அவளுடையதும் மகளுடையதும் அதில் போயின.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் மேலே போகவில்லை. மேலே வெக்கை என்று கீழேயே, கட்டிங் டேபிள் பக்கத்தில், ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபைல்களைக் கேட்டார்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. சுரேஷ் அந்தப் பக்கம் போக முடியாமல் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான்.

ஒன்பது மணி ஆனதும் ஆபீஸில் கைதட்டல் கேட்டது. முதலாளி மகள் தேஜஸ்ரீ நல்ல மார்க். கொஞ்ச நேரத்தில் லட்டுத் தட்டு வந்தது. ஆடிட்டுக்காரர்களுக்கு முதலில், பிறகு எங்களுக்கு. "பாப்பா பாஸுங்க, பாப்பா பாஸுங்க" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார்கள். வேஸ்ட் ரூமுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஒற்றைச் செங்கல் சுவர். சித்ராதேவி லட்டைக் கையில் வாங்கி மாஸ்க்குக்குக் கீழே கொண்டுபோய், அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

"புழுங்குமேங்க உள்ள" என்றேன்.

"தண்ணி இருக்குக்கா" என்றாள். பீஸை எடுத்தாள், போட்டாள், எடுத்தாள், போட்டாள். எதையும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆடிட்டுக்கு வந்தவர்களில் ஒரு அம்மாள் அவளுடைய நல்ல குவியலிலிருந்து ஒரு பனியனை உருவி, விரலை விட்டு ஓட்டையைக் காட்டினார். அவள் கையில் போன பீஸ் திரும்பி வந்தது அன்று ஒரு நாள்தான்.

அந்த அம்மாள் எழுந்து நடந்து வேஸ்ட் ரூம் கதவுக்கு முன்னால் நின்றார். "இது என்ன ரூம்?"

"கட்டிங் வேஸ்டுங்க மேடம். சாவி வேஸ்டு எடுக்கறவருகிட்ட இருக்குதுங்க" என்றான் சுரேஷ்.

அவர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தம் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. சித்ராதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தமில்லாமைதான் அவளை அன்றைக்கு ஆட்டிவைத்தது என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களைத் தங்கதுரை காரில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் கதவைத் திறந்தோம். சுரேஷ், சித்ராதேவி, தண்ணீர்ச் சொம்போடு நான். உள்ளே இருந்து வந்த வெக்கை முகத்தில் அறைந்தது. தர்ஷினி கழிவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கப் பஞ்சு. வெட்டுத்துணிகளை எடுத்து நூல் நூலாக உருவிப் போட்டிருந்தாள். காலடியில் ஒரு குவியல் கிடந்தது. பாட்டில் காலி.

"பாஸ் ஆகிருப்ப தங்கம். போன வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே சித்ராதேவி மகள் தோளில் இருந்த பஞ்சை எடுக்கக் கை நீட்டினாள். தர்ஷினி தோளை நகர்த்திக்கொண்டாள்.

"நீ நெனச்சுட்டே இருந்தியே, அந்த நெனப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லம்மா. இன்னைக்கு வந்துது. இங்க உக்காந்துதான் வந்துது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. யாரோ நேரம் கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். என் கையில் இருந்த சொம்பை வாங்கிக் குடித்தாள். அவளே ஆபீஸுக்குப் போய் அவள் போனை எடுத்தாள், அவளே பார்த்தாள். நல்ல மார்க். கெமிஸ்ட்ரியிலும் அவள் பயந்த அளவுக்கு இல்லை. அம்மாவிடம் காட்டவில்லை. தன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பின் கேட் வழியாகத் தனியாக வீட்டுக்கு நடந்து போனாள். சித்ராதேவி கேட் வரைக்கும் பின்னால் ஓடினாள். "கூட வராதம்மா" என்று அந்தப் பெண் திரும்பாமல் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து லட்டுக் கொடுக்கிறேன் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தர்ஷினி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப இல்லீங்கக்கா. வெளிய வந்ததுமே போயிருச்சு. அதயும் அம்மாட்டச் சொல்லாதீங்க. நெசமாவே போயிருச்சா, மறுபடியும் வருமான்னு கேட்டுக் கேட்டு முதல்லருந்து ஆரம்பிச்சுரும்."

நான் இருந்தபோதே மூக்கம்மாள் வந்தாள். உள்ளே சித்ராதேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குடி இப்படி இருக்க. உம்பிள்ள உசுரோட இருக்கு. பேசலன்னா என்ன, சாபம் விட்டாத்தான் என்ன. நீ செஞ்சது சரிதான்" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது. வாசலில் துணி உதறுகிற சத்தம் நின்று, பிறகு மறுபடியும் கேட்டது.

கம்பெனியில் சித்ராதேவிக்கு நல்ல பெயர்தான். ஆடிட்டில் கம்பெனி பாஸ் ஆகிவிட்டது. "நம்ம கம்பெனிப் புள்ள நர்ஸாகப் போகுது" என்று தங்கதுரை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள், அதனால்தான் இந்த மார்க் என்று டேபிளில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நிறையப் பேர் அதே மாதிரி கம்பெனிக்குக் கூட்டி வந்தார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தர்ஷினி மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் கம்பெனிக்கும் எட்டிப் பார்த்தாள். உடம்பு தேறி, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சித்ராதேவிக்கு எதிரில் நின்றபோது அவள் துப்பட்டா ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். சித்ராதேவியும் பார்த்தாள். கையைப் பாதி தூக்கிவிட்டு மேசை மேல் வைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் சட்டையில் இன்னமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் திரும்பப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தர்ஷினி தன் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். ராக்கையா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார். சித்ராதேவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை.